இரண்டாம் நம்பர் கேமரா

இலைகள் வெள்ளையாக இருந்தன. கொய்யா மரம் முழுக்கச் சாம்பல் பூசியதுபோல், வெயிலில் நிற்கிற மரமாக இல்லாமல் எப்போதோ செத்து அப்படியே நின்றுவிட்ட மரமாக, கணினித் திரையின் நாலு கட்டங்களில் இரண்டாவதில் மட்டும் தெரிந்தது. மற்ற மூன்றிலும் உலகம் ஒழுங்காகத்தான் இருந்தது. கேட்டுக்கு வெளியே தார் ரோடு தார் நிறத்தில், பின்பக்கத்து வாழைகள் வாழைப் பச்சையில், மொட்டை மாடியில் காயும் துணிகள் அதனதன் நிறத்தில். இரண்டாவதில் மட்டும் எல்லாவற்றின் மேலும் ஒரு ரோஸ் வெளிச்சம், காய்ச்சல்காரன் கண்ணைத் திறந்து பார்த்ததுபோல். கோகிலவாணிக்கு இந்த வியாதி தெரியும். லென்சுக்குப் பின்னால் நகத்தளவு ஒரு கண்ணாடித் தகடு இருக்கிறது. பகலில் வந்து மூடிக்கொள்ளும், இருட்டினால் விலகிக்கொள்ளும். மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் வெயிலோடு சேர்ந்து வருகிறது. பகலில் அதை உள்ளே விடாமல் தடுப்பதுதான் அந்தத் தகட்டின் வேலை. சில நாள் அது விலகிய இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். அப்புறம் கேமரா பார்க்கத் தேவையில்லாததையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்துவிடும். ஈரோட்டில் இந்தக் கேமராக் கடையில் உட்கார்ந்தபடியே இரவு முறைக்கு ஒருதடவை மாற்றித் திரும்பப் பகல் முறைக்குக் கொண்டுவந்தால் தகடு அசையும், பெரும்பாலும் விடுபட்டுவிடும். அவள் மாற்றினாள். கட்டம் கறுப்பு வெள்ளையானது. திரும்ப மாற்றினாள். மறுபடி ரோஸ், மறுபடி வெள்ளை இலை. காதில் மாட்டியிருந்த கடை போனில் நல்லசிவம், "ஆச்சா அம்மிணி?" என்றார். "இன்னும் இல்லீங்க சார்." "மேல டக்குனு ஒரு சத்தம் வந்துச்சே." "அது அசையுதுங்க சார், ஆனா உக்கார மாட்டேங்குது." "உக்கார வை. சீக்கிரம் உக்கார வை. இங்க ஆளுக காத்துக்கிட்டு நிக்குறாங்க."

ஆளுக. கோகிலவாணி அந்தச் சொல்லில் நின்றாள். போர்ட்டிகோவில் நாலைந்து பேர் நிற்பது தெரிந்ததுதான், ஆனால் அவள் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், மரம்தான் அவளுடைய வேலை. இப்போது மனிதர்களைப் பார்த்தாள். கேமரா உயரத்திலிருந்து கீழே பார்ப்பதால் எல்லோரும் தலையும் தோளுமாகத் தெரிந்தார்கள். வழுக்கை விழுந்த தலை, கையில் போன், அது நல்லசிவம். காலிங்கராயன் வாய்க்காலை ஒட்டிய தோட்டத்து வீட்டுக்காரர், ரெண்டு மில் முதலாளி. அவருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டைகளில் இரண்டு பேர், பங்காளிகளாக இருக்கலாம், ஒருவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு. நடுவில் தரையில் குத்துக்கால் வைத்து ஒரு ஆள். சிவப்பு வேட்டி, சிவப்புத் துண்டு, கழுத்தில் மாலை, தாடி. செவ்வாடை கட்டி அம்மனுக்கு விரதம் இருக்கிறவர். ஏன் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர்களெல்லாம் நிற்கும்போது? தெரியாமலா கேட்கிறாள், தெரியும், எந்த வீட்டு முற்றத்தில் யார் நிற்பார்கள் யார் குந்துவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா, அவளுடைய அப்பா சாயப்பட்டறை முதலாளி வீட்டுக்கு ஆயுதபூஜைப் பொரி வாங்கப் போனபோது கேட்டோரம் இதே மாதிரி குந்தியிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அப்பாவின் கை அன்றைக்குப் பச்சை. பட்டறையில் எந்த நிறம் ஓடுகிறதோ அந்த நிறத்தில் கை வீட்டுக்கு வரும். ஒரு வாரம் ஊதாக் கையால் சோறு பிசைவார், அடுத்த வாரம் மஞ்சள். பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் அவளுக்கு முதலில் கைதான் ஞாபகம் வரும், பதில் வராது. இப்போது அம்மா எல்லோரிடமும் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை என்கிறாள். கம்ப்யூட்டர் வேலைதான். அடுத்தவர் வீட்டு முற்றத்தைப் பார்க்கிற வேலை. எந்த வீட்டில் எப்போது கோலம் போடுவார்கள், எந்த வீட்டு நாய் யாரைக் கண்டு வாலாட்டும் என்பதெல்லாம் தெரியும், அதில் ஒரு வீட்டுக்குள்ளும் அவள் போனதில்லை.

"அம்மிணி, நான் கேக்குறதுக்கு நேரா பதில் சொல்லு," என்றார் நல்லசிவம். "போன வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கூட்டுல ஒரு ஆரம் காணாமப் போச்சு. சாமி ரூம்புல இருந்தது. அன்னிக்கு ஒருத்தன் இந்தச் சந்து வழியாத்தான் பின்பக்கம் போறான், ரெக்கார்டுல இருக்குது. முதுகுதான் தெரியுது. சிவப்புத் துணி. ஆனா இந்தக் கேமராவுல எல்லாமே ஒரு மாதிரி ரோஸா இருக்குதுன்னு எங்க மச்சான் சொல்றான். நீ கலரைச் சரி பண்ணிட்டின்னா அன்னிக்குப் படமும் சரியாயிருமல்லோ? அதைப் பாத்துட்டு மேக்கொண்டு பேசிக்குவோம்." சரியாகாது. எல்லோரும் இதையேதான் நினைக்கிறார்கள், கேமராவைத் துடைத்தால் பழைய படமும் துடைபட்டுவிடும் என்று. "பழசு மாறாதுங்க சார். இனிமே பதியறதுதான் சரியா வரும்." "அப்புறம் எதுக்குச் சரி பண்றே?" இதற்கு என்ன சொல்ல? நீங்கள்தானே கூப்பிட்டீர்கள், கடைக்குப் போன் வந்தால் எடு என்று முதலாளி சபாபதி அண்ணன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், நான் எடுத்தேன். "நான் அந்தப் பதிவை ஒருதடவை பாக்கறேன்ங்க சார்," என்றாள். பார்ப்பதற்கு வழக்கம்போல அந்தப் பதிவுத் துண்டை மட்டும் கடைக் கணினிக்கு இறக்கினாள். பச்சைக் கோடு இடமிருந்து வலமாக மெதுவாக ஊர்ந்தது. ஊர்கிற நேரம் முழுக்கக் காதில் அந்த முற்றம் கேட்டுக்கொண்டிருந்தது. காகம். யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பது. ஒரு குரல், "ஏண்டா பொன்னா, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கறே?" அதற்கு இன்னொரு குரல், ரொம்பத் தள்ளியிருந்து, "சாமி சத்தியமா நான் அந்தப்பக்கமே போகலீங்க. வாழைக்குத் தண்ணி கட்டிக்கிட்டிருந்தனுங்க." பிறகு பட் என்று ஒரு சத்தம். என்ன சத்தம் அது, கதவா, விறகா? அவள் திரையைப் பார்த்தாள். திரையில் எதுவும் நடக்கவில்லை, எல்லோரும் அப்படியே நின்றார்கள், அப்பாடா என்று மூச்சுவிட்டாள், அந்த மூச்சு முடிவதற்குள் திரையில் வெள்ளைச் சட்டைக் கை ஒன்று மேலே போய்க் கீழே இறங்கியது, சிவப்புத் துண்டு ஒருபக்கமாகச் சாய்ந்தது. படம் சத்தத்துக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. இணையம் மெதுவான இடத்தில் அப்படித்தான். தெரிந்த விஷயம்தான், வாடிக்கையாளர்களுக்குத் தினமும் விளக்குகிற விஷயம்தான்.

பதிவு இறங்கியிருந்தது. ஓட்டினாள். மத்தியான வெயில், வெள்ளை இலைகள், ஆளில்லாத முற்றம். போர்ட்டிகோவை ஒட்டியிருக்கும் தனி அறையின் பக்கமிருந்து ஒருவன் வருகிறான். முதுகுதான். வெறுங்கால். இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு, இரண்டும் ஒரே நிறம், காய்ந்த ரத்தம் மாதிரி ஒரு சிவப்பு. கழுத்தின் பின்னால் மாலையின் மணிகள் ஒரு விநாடி மினுங்குகின்றன. சந்துக்குள் போகிறான். முடிந்தது. திரும்ப ஓட்டினாள். போகிறான். திரும்ப. ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை திரும்பிப் பார்ப்பானோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது, பார்த்தால் தன்னைத்தான் பார்ப்பான் என்று தோன்றியது. பிறகு நேரடிப் படத்தைப் பார்த்தாள். குந்தியிருக்கிற பொன்னானின் சிவப்பு, வெளிறிய, ஆரஞ்சுப்பழத் தோலின் உட்பக்கம் மாதிரியான சிவப்பு. பதிவில் இருப்பது வேறு சிவப்பு. வேறுதானா? நீ பார்க்க ஆசைப்படுகிறாய், அதனால் வேறாகத் தெரிகிறது. மத்தியான வெயில் வேறு, சாயங்கால வெயில் வேறு. தெரியாததைத் தெரியும் என்று சொல்லக் கூடாது. கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் தெரியவில்லை மேடம் என்று சொன்ன ஒரே பெண் அவள்தான், மற்றவர்கள் எதையாவது சொல்லி மதிப்பெண் வாங்கினார்கள். தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். கலர் நம்பகமில்லை சார், அவ்வளவுதான், போனை வைத்துவிடலாம். வைத்தால்? அவர்கள் நம்பகமில்லை என்பதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? இல்லை என்று சொல்லவில்லையே என்றுதானே. அப்போதுதான் போர்ட்டிகோத் தூணின் இடப்பக்கத்தில் அவனைப் பார்த்தாள். எப்போது வந்தான் என்று தெரியவில்லை, வீட்டுக்குள்ளிருந்து வந்திருக்க வேண்டும், கையில் ஒரு சொம்பு. அவனும் சிவப்பு. வேட்டியும் துண்டும். காய்ந்த ரத்தம் மாதிரி.

இரண்டு சிவப்பு ஆட்கள். பொன்னானுக்குச் சொந்தக்காரரா, பஞ்சாயத்துக்கு வந்தவரா? அப்படியானால் ஏன் நிற்கிறார், ஏன் பங்காளிகளின் தோளோடு தோளாக நிற்கிறார்? போனில் நல்லசிவத்தின் குரல் இளகி வேறு யாரிடமோ பேசியது. "சாமி, நீங்க எதுக்கு வெயில்ல நிக்கறீங்க, உள்ள போங்க சாமி." மாலை போட்டவர்களை எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், பெற்ற அப்பனும் அப்படித்தான், அது வழக்கம். அப்படியானால் கீழே குந்தியிருக்கிறவரும் மாலை போட்டவர்தானே, அவரை ஏன் யாரும் கூப்பிடவில்லை, அவர் மட்டும் எப்படி டேய் ஆனார்? இந்த யோசனை எங்கே போகிறது, இது உன்னுடைய வேலையில்லை, உன்னுடைய வேலை தகடு. அவளுடைய கை தானாக மறுபடி இரவு முறைக்குப் போனது, போய் அங்கேயே நின்றுவிட்டது. வேண்டாம். இப்போது தகடு விடுபட்டுவிட்டால்? எதற்காக வேண்டாம் என்று அவளுக்கே முழுதாகத் தெரியாமல், தூங்குகிற நாயின் மேலிருந்து கையை எடுப்பதுபோல மவுஸிலிருந்து கையை எடுத்தாள். கேட்டாள், அவள் குரல் அவளுக்கே சின்னப் பிள்ளைக் குரலாகக் கேட்டது. "சார், தூணுக்குப் பக்கத்துல சொம்போட நிக்கிறவரு யாருங்க?" "யாரு, நம்ம பையன்தான். தீபன்." "அவரு என்ன கலர் வேட்டி கட்டியிருக்காருங்க?" "இதென்ன கேள்வி? மலைக்கு மாலை போட்டிருக்கான், கறுப்புத்தான் கட்டியிருக்கான். எதுக்குக் கேக்கறே?"

கறுப்பு. அவள் திரையைப் பார்த்தாள். சொம்பு பிடித்த கைக்குக் கீழே அந்த வேட்டி சிவந்து கிடந்தது. அங்கே நிற்கிற யாருக்கும் அது தெரியாது. அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள், கண்ணுக்குக் கறுப்புத்தான் தெரியும், கறுப்பு வேட்டிக்காரன் பக்கத்தில் நின்றுகொண்டே சிவப்பு வேட்டிக்காரனைத் தேடுவார்கள். இவள் ஒருத்திக்குத்தான், இத்தனை தூரத்தில் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவளுக்குத்தான், அவன் பதிவிலிருந்து அப்படியே எழுந்து வந்து நிற்கிறான். வெறுங்கால், மணி மாலை, அதே தோள். கறுப்புச் சாயம் அந்தக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை விழுங்காது, திருப்பி அனுப்பிவிடும், தகடு இல்லாத கேமராவுக்கு அது சிவப்பாகப் படும். கடைக்கு வந்த புதிதில் சபாபதி அண்ணன் தன் கறுப்புக் குடையை இப்படித் தகடு சிக்கிய ஒரு கேமரா முன்னால் விரித்துச் சிவப்பாகக் காட்டிச் சிரித்தார், பார் கோகி, என் குடை வயசுக்கு வந்துடுச்சு. அன்றைக்கு அவளும் சிரித்தாள். மாலை போட்டவர்கள் வீட்டோடு சேராமல் தனி அறையில்தான் படுப்பார்கள், போர்ட்டிகோவை ஒட்டிய அந்த அறை, அங்கேயிருந்துதான் அவன் வருகிறான், பதிவில் தெளிவாக இருக்கிறது, ஐயோ எவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஆனால் சந்துக்குள் போனான் என்றுதான் இருக்கிறது, எடுத்தான் என்று எங்கே இருக்கிறது? சாமி கும்பிடப் போயிருக்கலாம். தண்ணீர் குடிக்கப் போயிருக்கலாம். அவனைத் திருடன் என்று சொல்ல நீ யார்? சொல்ல வேண்டாமே. சந்துக்குள் போனது பொன்னான் இல்லை, அது மட்டும்தான் உனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல். சொன்னால் அடுத்த வார்த்தை என்ன வரும்? பின்னே யார் என்று வரும். கைபேசி மேசையில் அதிர்ந்தது. சபாபதி அண்ணன். எடுத்து இன்னொரு காதில் வைத்தாள். "கோகி, கவுண்டரு லைன்ல இருக்காராமா? அவரு மில்லு ரெண்டுக்கும் நம்மகிட்டத்தான் போடறேங்கறாரு. என்ன கேட்டாலும் ஆகட்டும்னு செஞ்சு குடு சாமி. எதுத்துக் கிதுத்துப் பேசிப்போடாத." "அண்ணா, இங்க ஒருத்தரை அடிக்கறாங்கண்ணா." சபாபதி அண்ணனின் பக்கம் துளைபோடும் இயந்திரம் ஒன்று இரைந்து நின்றது. "நாம கேமரா போடறவங்க கோகி," என்றார் அவர், கோபமாக இல்லை, கெஞ்சுவதுபோல. பிறகு வைத்துவிட்டார். இது அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. வீட்டில் மாதம் பிறந்தால் கையில் காசு வருகிற ஒரே ஆள் அவள். அப்பா இப்போது பட்டறைக்குப் போவதில்லை, இருமுகிறார், இருமல் நின்றால் அம்மா எழுந்துபோய்ப் பார்க்கிறாள்.

மறுபடி அந்தச் சத்தம். பட். இந்தத் தடவை அது என்னவென்று தெரிந்ததால் படம் வந்து சேரும்வரை அவளால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர்களின் கைகள் இடுப்பிலேயே இருந்தன. சொம்பைக் கீழே வைத்துவிட்டு அடித்தது தீபன். அவள் வாய் திறந்தது, திறந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. "சார், அடிக்கச் சொல்லாதீங்க சார். அது அவரு இல்லீங்க." "எது?" "பதிவுல போறது அவரு இல்லீங்க சார். இந்தக் கேமராவுல இப்போ கறுப்புத் துணி சிவப்பாத் தெரியும்ங்க. அன்னிக்குப் போனவரு கட்டியிருந்தது கறுப்பு." போனில் காகம் கத்தியது. "என்ன உளர்றே?" "உங்க போன்ல இரண்டாம் நம்பர் கேமராவைத் திறந்து பாருங்க சார். இப்போ. தூணுக்குப் பக்கத்துல பாருங்க." சொல்லியாகிவிட்டது. இனி அதைத் திரும்ப வாய்க்குள் எடுத்துப்போட முடியாது. திரையில் வழுக்கைத் தலை குனிந்தது, வெகுநேரம் குனிந்தே இருந்தது, பிறகு நிமிர்ந்து தூணின் பக்கம் திரும்பியது, மறுபடி குனிந்தது, மறுபடி நிமிர்ந்தது. மச்சானோ பங்காளியோ ஒருவர் என்ன என்று எட்டிப் பார்க்க வந்தார். நல்லசிவம் போனைச் சட்டென்று வயிற்றோடு அணைத்து மறைத்துக்கொண்டார். அந்த ஒரு அசைவில் கோகிலவாணிக்குத் தெரிந்துவிட்டது, அவருக்கும் தெரிந்துவிட்டது என்று.

அவர் கூட்டத்தைவிட்டு விலகிக் கொய்யா மரத்தடிக்கு நடந்தார். வெள்ளை இலைகளுக்குக் கீழே அவர் தலை பாதி மறைந்தது. குரல் இப்போது ரொம்பத் தணிந்து, ரொம்ப அன்பாக, அவள் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவதுபோல் வந்தது. "கண்ணு. இங்க ரெக்கார்டாகுற பெட்டியில இருக்கற பழைய படமெல்லாம் அங்கிருந்தே அழிக்க முடியுமா?" முடியாது என்று சொல்லலாம். நேரில் வர வேண்டும், பாஸ்வேர்டு அண்ணனிடம் இருக்கிறது, ஏதாவது. எத்தனையோ பொய்கள் எட்டுகிற தூரத்தில் இருந்தன. "முடியும்ங்க சார்." "அப்ப அழிச்சுப்போடு. கேமரா பழுதுன்னு நீயே சொல்லிட்டே. பழுதான படம் எதுக்கு?" "அழிச்சா அவரு மேல விழுந்த பேரு அப்படியே நின்னுருமுங்க." "அவனை நான் பாத்துக்கறேன்." எப்படி என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. அந்தச் சொல்லை அவள் ஊர்த் தெருவில் பலதடவை கேட்டிருக்கிறாள், யாரையெல்லாம் பார்த்துக்கொண்டார்களோ அவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்றும் கேட்டிருக்கிறாள். அழிப்பதற்கான பொத்தான் திரையின் மூலையில்தான் இருந்தது, அழுத்தினால் ஒரு தடவை நிச்சயமா என்று கேட்கும், அவ்வளவுதான். "நான் அழிக்க மாட்டேன்ங்க சார்," என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி சொல்வது பொய் சொல்வதுபோலத் தோன்றுகிற ஒரு சாபம் அவளுக்கு இருந்தது, அது அவளை மேலே தள்ளியது. "நீங்களே பெட்டியில அழிச்சாலும் அந்தப் பதிவு இங்க கடையில இறக்கி இருக்குதுங்க."

திரையில், மரத்தடியில், அவர் மெதுவாகத் தலையைத் தூக்கி நேராகக் கேமராவைப் பார்த்தார். ரோஸ் வெளிச்சத்தில் அவர் கண்கள் இரண்டும் வெளுத்திருந்தன. "உம்பேரு என்னம்மா?" என்று கேட்டார். அம்மிணி போய்விட்டது, கண்ணு போய்விட்டது. அவர் மரத்தடியிலிருந்து அப்படிப் பார்ப்பதைப் பார்த்து மற்றவர்களும் திரும்பினார்கள், வெள்ளைச் சட்டைகள், தீபன், ஒவ்வொருவராக எல்லாத் தலைகளும் மேலே பார்த்தன, எல்லா முகங்களும் அவளைப் பார்த்தன. அவர்களுக்குப் பின்னால் பொன்னான் பார்க்கவில்லை. அவர் தரையில் ஒரு கையை ஊன்றி எழுந்தார். நின்றார். யாரும் திரும்பவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தார், பிறகு இன்னொரு அடி, வெறுங்காலுக்குச் சத்தமில்லை. முதல் கட்டத்தில் கேட் பாதி திறந்து கிடந்தது, வெளியே ரோட்டில் ஒரு டெம்போ போனது, டீக்கடை முன்னால் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓடிப்போனால் இவனேதான் என்பார்களோ? சொல்லட்டும், பதிவு கடையில் இருக்கிறது. அங்கேயே நின்றால் பழி சொல்வதற்கு அவரே இருக்க மாட்டார். "கேக்குறேனல்லோ, பேரு என்ன? எந்த ஊரு? யாரு புள்ளை நீ?" போனை வைத்துவிடலாம். வைத்தால் அவர் தலை கீழே இறங்கும், முற்றத்துப் பக்கம் திரும்பும். கோகிலவாணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எம்பேரு கோகிலவாணிங்க சார்," என்றாள், நிதானமாக, வாய்மொழித் தேர்வில் தெரிந்த கேள்வி வந்துவிட்டதுபோல. "அப்பா பேரு சின்னராசுங்க. அவங்க அப்பா பேரு காளியானுங்க. ஊரு கருங்கல்பாளையத்துக்கு அந்தாண்டைங்க சார், ஆத்துப் பாலம் தாண்டினா ரேஷன் கடை வரும்ங்க, அது பக்கத்துல இறங்கற வீதி." சிவப்புத் துண்டு தூணைத் தாண்டியது. "எத்தனாவது வீடு?" என்றார் அவர். "சொல்றேனுங்க சார்," என்றாள் அவள், "வீதியில நுழைஞ்சா முதல்ல ஒரு தண்ணித் தொட்டி இருக்கும்ங்க, அதைத் தாண்டி ஒரு வேப்ப மரம், அதுக்கடுத்து ஓடு போட்ட வீடு ஒண்ணு, அது எங்களுது இல்லீங்க, அதுக்கும் அந்தப்பக்கம் பச்சைக் கதவு போட்டிருக்கும் பாருங்க," என்று ஒரு வீட்டையும் விடாமல், ஒரு சொல்லும் பொய்யில்லாமல், அவர் தலை கீழே இறங்காதபடி, தன் வீட்டுக்கு வழி சொல்லிக்கொண்டே இருந்தாள்.